எத்தனையாவது விசில்?

மாடி வீட்டு அம்மாளுக்கு விசிலம்மா என்று பெயர் வைத்தது யார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. கீழ்வீட்டுத் தையல்காரர் அந்தப் பெருமையைத் தனக்கே எடுத்துக்கொள்வார். மத்தியானச் சாப்பாடு வாங்கிப் போகும் ஆபீஸ்காரர்கள்தான் வைத்தார்கள் என்பது அவள் வீட்டுக்காரரின் கட்சி. யார் வைத்திருந்தாலும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவளிடம் மூன்று பிரஷர் குக்கர்கள் இருந்தன. பெரியது தொண்டையைச் செருமிக்கொண்டு, சபையில் பேச எழுந்தவர் மாதிரி நிதானமாக விசில் போடும். நடுவாந்திரமானது அவசரக்காரன். சின்னது கிறீச்சென்று கத்திவிட்டு உடனே வாயை மூடிக்கொள்ளும். குளியலறையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே எது போட்டது, எத்தனையாவது போட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளேயிருந்தே, சின்னதை அணையுங்க என்று குரல் வரும். அணைக்கப் போனவர் ஒரு வினாடி தாமதித்தாலும், ஏன் தாமதம் என்று கேட்டு இன்னொரு குரல் வரும்.

அக்கம்பக்கத்து ஆபீஸ்களில் பத்துப் பதினைந்து பேருக்கு அவள்தான் மத்தியானச் சாப்பாடு. அதனால் காலை முழுவதும் அந்த வீட்டில் விசில்தான். வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க, நேரம் தவறிய டிரைவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர், வீட்டுக்குள் ஒருநாளும் கடிகாரம் பார்த்ததில்லை. பெரியதின் முதல் விசிலுக்கு முகத்தில் சவரச் சோப்பு போடுவார், இரண்டாவதற்குக் குளிக்கப் போவார், மூன்றாவதற்குச் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற பிறகு போக ஓர் இடமும் இல்லை. ஆனாலும் மூன்றாவது விசிலுக்குச் சட்டை போட்டாக வேண்டும். கீழே தையல்காரர் அதே மூன்றாவது விசிலுக்கு மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிப்பார்.

இந்த அதிகாரம் அவளுக்குச் சும்மா வந்ததல்ல. அவள் மருமகளாக வந்தபோது அந்த வீட்டுச் சமையல் மாமியாரின் மூக்கில் இருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ் மீது கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்து பார்ப்பது மாமியாருக்குக் கௌரவக் குறைவு. முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, மூக்கை லேசாகத் தூக்கி, போய் இறக்கு என்பார். இறக்கினால் பதம் சரியாக இருக்கும். புது மருமகளுக்கு மூக்கில் எதுவும் தெரியாது. அவள் மூடியைத் திறந்து திறந்து பார்த்து, திட்டு வாங்கி வாங்கி, கடைசியில் புருஷனின் முதல் போனஸில் ஒரு குக்கர் வாங்க வைத்தாள்.

"மூடித் திருகி வச்சுட்டா உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குடி தெரியும்?" என்றார் மாமியார். முதல் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படி வரை போய் நின்றார். அதற்குப் பிறகு அது அடங்கும்வரை அடுப்படிப் பக்கம் வருவதில்லை. அது காலையில் அடங்குவதே இல்லை என்பதால், வருவதே இல்லை என்றாகிவிட்டது. ஒரு சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு ரப்பர் வளையத்தின் பலத்தில் அடுப்படி கைமாறியது. பதவி எப்படிப் பறிபோகும் என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

போன வருஷம் குக்கர்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. முதலில் சின்னது. விசிலே வருவதில்லை என்று ரப்பரை மாற்றினாள், மேலே போடும் வெயிட்டை மாற்றினாள். பிறகு நடுவாந்திரமானதும் அதே மாதிரி ஆனது. பழுது பார்க்கிறவர் தன் கடையில் அதை அடுப்பில் ஏற்றிப் பார்த்தார். அது கடை அதிரும்படி ஊதியது. ஒரு கோளாறும் இல்லையே அம்மா என்றார். உங்க கடையில நல்லா நடிக்குது என்று சொல்லி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். இந்தக் காலத்து ரப்பரில் சத்தே இல்லை என்பது அவள் முடிவு. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆபீஸ்காரர்கள் கேரியரில் கொண்டைக்கடலை கூழாக விழுந்தபோது, இன்னைக்கு சூப்பா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வாங்கிப் போனார்கள்.

மகன் வீட்டு உபயோகப் பொருள் கடையில் விற்பனையாளன். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று உள்ளே வருகிறவரை வாஷிங் மெஷினோடு வெளியே அனுப்புகிற சாமர்த்தியக்காரன். அம்மாவிடம் மட்டும் இதுவரை ஒரு மின்சாரக் கெட்டிலைக்கூட விற்க முடிந்ததில்லை. அவனுக்கும் ஒரு நாள் சந்தர்ப்பம் வந்தது.

அன்று பெரியதை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துணி காயப்போடப் பின்பக்கம் போனாள் விசிலம்மா. பெரியது விசில் மேல் விசிலாகப் போட்டு, உள்ளே தண்ணீர் வற்றி, கடைசியில் சேஃப்டி வால்வைப் பிய்த்துக்கொண்டது. அடுப்படிக் கூரையெல்லாம் கொண்டைக்கடலை. வீட்டுக்காரர் முன்னறையில்தான் இருந்தார். குளித்து, சட்டை போட்டு, தலை வாரி முடித்து, செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லையா என்று மகன் கேட்டதற்கு, நன்றாகக் கேட்டது, ஒன்பது வரை எண்ணினேன் என்றார்.

"எண்ணிட்டு?"

"மூணுக்கு மேல நான் என்ன செய்யணும்னு உங்கம்மா சொல்லலையேடா."

மறுநாளே மின்சாரக் குக்கர் வந்து இறங்கியது. பளபளவென்று, காது மாதிரி இரண்டு பக்கமும் பிடி வைத்து, முகத்தில் நாலைந்து எண்கள் மின்ன, மேடையின் நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் போதும், தானே வேகவைத்து, தானே அணைந்து, மெல்ல இரண்டு தடவை கூவி, போனுக்கும் தகவல் அனுப்பும் என்று கடையில் சொல்வதைப் போலவே மகன் சொன்னான். எந்தப் போனுக்கு என்று அவன் அதிகம் யோசிக்கவில்லை. கைக்கு எட்டிய போன் மனைவியுடையது, பானைக்கான ஆப்பை அதில் ஏற்றினான். ஏற்றிவிட்டு அம்மாவைப் பார்த்து, நல்ல மனதோடுதான், அதைச் சொன்னான்.

"இனிமே நீ உக்காரும்மா. இவ பாத்துப்பா."

விசிலம்மா கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கடலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியார் மாடிப்படியில் போய் நின்றது மாதிரி தான் நிற்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மருமகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கூரியர் கம்பெனியில் பார்சல் எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். இங்கே வந்ததும் சாப்பாட்டு ஆர்டர்களைப் போனில் வாங்குவது, யாருக்குக் காரம் ஆகாது, யார் இன்றைக்கு லீவு என்று பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பாகிவிட்டது. வந்த புதிதில் பெரியது விசில் போட்டபோது கையிலிருந்த கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டாள். அந்த மாதத்தில் மட்டும் ஒரு செட் டம்ளர் தீர்ந்தது. விசில் என்றால் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

இப்போது அடுப்படி இப்படி ஆயிற்று. விசிலம்மா பருப்பைக் கழுவிப் போட்டு மூடியைப் பொருத்துவாள். மருமகள் முன்னறையிலிருந்தே போனில் தட்டுவாள். பிறகு விசிலம்மாவுக்கு ஒரு வேலையும் இல்லை. மேடையோரம் நின்றுகொண்டு, ஆயிடுச்சா என்று கேட்பாள். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் அத்தை என்று பதில் வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பாள். தன் அடுப்படியில் தானே பர்மிஷன் கேட்டு நிற்கிறோம் என்று நினைக்கும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதன் பெயரே ஊமைப்பானை என்று ஆனது. முடிந்ததும் கூவுகிறதே, கேட்கவில்லையா என்று வீட்டுக்காரர் கேட்டால், அது கூவுதோ என்னவோ, எனக்கு அதோட பேச்சுவார்த்தை இல்லை என்பாள். பிடிவாதம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் பிடிவாதம் என்றே நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டாள்.

வீடு தடம் புரண்டது. வீட்டுக்காரர் பதினோரு மணிக்கும் மழிக்காத தாடியோடு, இன்னும் கூப்பிடவில்லையே என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கடிகாரம் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு நாள் மேலே ஏறி வந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று தயங்கித் தயங்கி விசாரித்தார். இல்லை என்றதும், அப்படியானால் தனக்குத்தான் சரியில்லை, மூன்று நாளாக டீ குடிக்கவே மறந்துபோகிறது என்றார்.

மகனுக்கு அம்மா முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சத்தம் இல்லாததுதானே குறை என்று அவனாக ஒரு கணக்குப் போட்டான். வால்வு போன பெரியதைக் கடைக்கு எடுத்துப்போய் வால்வு மாற்றி, கடையின் பின்பக்கம் அடுப்பில் ஏற்றி, அது போட்ட விசிலைப் போனில் பதிந்துகொண்டான். செருமல் உட்பட அப்படியே வந்திருந்தது. ஊமைப்பானை வெந்துகொண்டிருக்கும்போது நடுநடுவே இந்த விசில் போனில் ஒலிக்கும்படி செய்துவிட்டு, மறுநாள் காலை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தான். மனைவியின் போனை வாங்கி அடுப்பு மேடையில் வைத்தான். அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, கொஞ்சம் பொறும்மா, ஒரு விஷயம் இருக்கு என்றான்.

விசிலம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

பெரியது விசில் போட்டது. அறை நிறைய, கம்பீரமாக, சாவிலிருந்து எழுந்து வந்த மாதிரி போட்டது. கீழே தையல் மெஷின் சட்டென்று நின்றது. மகன் அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தாள்.

இன்னொரு விசில் போட்டது.

"என்னடா, என்னமோ காட்டறேன்னியே," என்றாள் விசிலம்மா.

வாசல் பக்கம் நின்றிருந்த மருமகள்தான் முந்திக்கொண்டு, சத்தம் கம்மியாக வைத்துவிட்டார் போல அத்தை என்று சொல்லிப் போனை எடுத்தாள். சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, தோளில் துண்டு, முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு. குக்கர் பிழைத்துவிட்டதா என்று கேட்டபடியே வந்தவர், மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

விசிலம்மா அந்த நுரையைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"முதல் விசிலா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. டெப்போவிலும் வந்ததில்லை. "ரெண்டு போட்டாச்சு," என்றார்.

பிறகு விசிலம்மாவே, பழுது பார்க்கிற ஆளைத் திட்டிவிட்டோமே என்று பொதுவாகச் சொன்னாள். மகன் ஸ்டூல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எவ்வளவு நாளாக, ஏன் சொல்லவில்லை, டாக்டர், ஆபரேஷன் என்று ஒரே மூச்சில் பேசினான். பாதி அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்ட பாதியில் அவளுக்கு வேண்டியது எதுவும் இல்லை.

"காது கேக்கலன்னா அடுப்படிய விட்டுப் போயிடணுமா? அதச் சொல்லு முதல்ல," என்றாள்.

மகன் மனைவியைப் பார்த்தான். மருமகள் அவனைப் பார்க்கவில்லை. நேராக மாமியார் முன்னால் வந்து நின்று, கூரியர் ஆபீஸில் காது மந்தமான கிழவர்களுக்குச் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும் அத்தை. மேடையில உள்ளங்கைய வச்சு, அதிர்வுல விசில் எண்ணிட்டிருந்தீங்க. துணி காயப்போடப் போனா கை எட்டாதுல்ல, அதான் அன்னைக்கு வெடிச்சுது."

"தெரிஞ்சு ஏன் சொல்லல?"

"சொன்னா இவரு என்னைய உள்ள தள்ளி விட்டுருவாரு. அந்தப் பதினஞ்சு பேர் நாக்குக்கும் நான் பதில் சொல்ல முடியாது. நான் வச்ச பருப்ப நானே திங்கமாட்டேன், உங்களுக்கே தெரியும்."

விசிலம்மாவுக்கு அது தெரியும். இருந்தாலும் அவள் கொஞ்சம் ஏமாந்தமாதிரிதான் இருந்தாள். இத்தனை நாளாக ஒற்றை ஆளாக நின்று காத்த கோட்டையைப் பிடிக்க எதிரியே வரவில்லை என்று தெரிந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். என் அடுப்படிக்கு அப்படி என்ன குறைச்சல் என்றுகூட ஒரு கோபம் எட்டிப் பார்த்தது. அதை அப்போதைக்கு அடக்கிக்கொண்டு, சரி, எந்த டாக்டர் என்றாள்.

காது பரிசோதனைக்கு மருமகள்தான் கூட்டிப்போனாள். ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் விசிலம்மாவை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார் பரிசோதிக்கிற இளைஞர். அவள் இதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து அமுக்கினாள். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே வந்தது. இளைஞர் குழம்பிப்போய்த் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு தலை சொறியக் கையைத் தூக்கினார். உள்ளே பொத்தான் அமுங்கியது.

"அம்மா, நான் இன்னும் சத்தமே போடலையே," என்றார்.

மருமகள் வெளியே நின்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதையும் விசிலம்மா பார்த்துவிட்டாள். அதற்கும் ஒரு தடவை அமுக்கினாள். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகும், அப்புறம்தான் மற்றவை என்று இளைஞர் விளக்கினார். சின்னது, நடுவாந்திரம், பெரியது என்று விசிலம்மா தனக்குள் வரிசைப்படுத்திப் பார்த்துத் தலையாட்டினாள். இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு அவரிடம் நம்பிக்கை வந்தது.

காதுக்குப் பின்னால் உட்காரும் கருவி வந்த முதல் நாள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வீட்டுக்காரர் சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் வரும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. மின்விசிறி முனகியது. குழாய் சொட்டியது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரத்தை மடக்குவது மாதிரி இருந்தது. இதையெல்லாம் நீங்கள் எப்படித் தாங்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். மருமகள் முன்னறையில் தன் தங்கையோடு போனில் தாழ்ந்த குரலில், இந்தம்மா ஒரு தினுசு என்று ஆரம்பித்தபோது, என்ன தினுசு என்று அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது. அன்றிலிருந்து அவள் தங்கையோடு பேச மொட்டை மாடிக்குப் போகிறாள்.

மகனுக்கு ஒரே கவலை, அம்மா கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாளோ என்று. வாங்கிப் போகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அந்த இளைஞர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் கழற்றத்தான் செய்தாள். மின்விசிறி மண்டைக்குள் சுற்றுகிறது என்றாள். மகன் கடைப் பேச்சையெல்லாம் பேசிப் பார்த்தான், ஒன்றும் வேலைக்காகவில்லை.

மருமகள்தான் மாமியாரின் போனைக் கேட்டு வாங்கினாள். ஊமைப்பானையைத் தன் போனிலிருந்து எடுத்து மாமியார் போனில் ஏற்றினாள். காதுக் கருவியையும் அதே போனோடு சேர்த்துவிட்டாள். பெரியதின் விசிலையும் அங்கேயே போட்டாள். இனிமேல் ஆர்டர் மட்டும் என் போன், பானை உங்கள் போன், என்னைக் கேட்காதீர்கள் அத்தை என்று சொல்லிக் கையில் கொடுத்தாள். கருவியை விசிலம்மா வேண்டாவெறுப்பாகத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை கொண்டைக்கடலையைப் போட்டு, மூடியைப் பொருத்தி, மருமகள் சொல்லித்தந்தபடி தன் போனில் தானே தட்டினாள். டீ போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடுப்படி அமைதியாக இருந்தது. முன்னறையில் மருமகள் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றார். திடீரென்று பெரியது செருமிக்கொண்டு அவள் காதுக்குள் விசில் போட்டது. உள்ளே, நடு மண்டையில், அவ்வளவு தெளிவாக. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். யாரும் அசையவில்லை. வீட்டுக்காரர் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது விசிலும் போட்டது. அதுவும் அவளுக்கு மட்டும்தான்.

மூன்றாவதும் போட்ட பிறகு வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. அடுப்படி வாசலுக்கு வந்து, எந்த விசில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். அதே நேரம் மாடிப்படியின் அடியிலிருந்து தையல்காரர் குரல் வந்தது. அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, நான் டீ குடிக்கலாமா?"

முன்னறையிலிருந்து மருமகளும் தலையை நீட்டினாள். முதல் டிபன் கேரியரைக் கட்டலாமா, இன்னும் நேரம் ஆகுமா என்று அவள் கேட்க வேண்டியிருந்தது. கடைக்குக் கிளம்பி நின்ற மகனும் செருப்பை மாட்டியபடி அம்மாவையே பார்த்தான்.

விசிலம்மா டம்ளரில் மீதியிருந்த டீயைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது, சூடும் இருந்தது.

"இன்னும் ஒண்ணுகூடப் போடல," என்றாள். "எல்லாரும் கொஞ்சம் இருங்க. நான் சொல்றேன்."